நூல் கேட்ட பிள்ளை

அந்தத் தையல் கூடத்தில் பெண்கள் யாரும் கழிப்பறைக்குப் போவதில்லை, நூல் எடுக்கத்தான் போவார்கள். நூல் அடுக்கிவைத்திருக்கும் அறைக்கும் கழிப்பறைக்கும் ஒரே நடை. அந்த நடை சூப்பர்வைசரின் மேசையை உரசிக்கொண்டுதான் போகும். ஓர் ஆண்பிள்ளை முகத்துக்கு நேரே நின்று அந்த வார்த்தையைச் சொல்ல எந்தப் புண்ணியவதிக்கோ கூச்சமாக இருந்திருக்கிறது. "நூல் எடுத்துட்டு வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவள் யாரென்று இப்போது யாருக்கும் தெரியாது, அவள் விட்டுப்போன சொல் மட்டும் நிலைத்துவிட்டது. சூப்பர்வைசருக்கும் சங்கதி தெரியும். அவருக்குத் தெரியும் என்பது பெண்களுக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு பக்கமும் மரியாதையாக நூலைப் பற்றியே பேசிக்கொள்வார்கள்.

அப்படி அடிக்கடி எழுந்து போகவும் முடியாது. சட்டை ஒவ்வொரு துண்டாகக் கைமாறி வரும். ஒருத்தி தோளை மூட்டுவாள், அடுத்தவள் காலர் வைப்பாள், அதற்கடுத்தவள் கை வைப்பாள். நடுவில் ஒருத்தி எழுந்தால் அவள் மெஷினுக்கு முன்னால் துணிக்கட்டு குவியும், அடுத்தவள் சும்மா உட்கார்ந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பெருமூச்சு விடுவாள். இந்த வம்பே வேண்டாம் என்று எல்லாரும் தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள். கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தபடியே வீட்டுக்குத் திரும்பும். ஒருத்தி மட்டும் விதிவிலக்கு. சட்டைக்குக் கை வைக்கிற அந்த அம்மாளால் அடக்க முடியாது. அவளுக்கு நூல்கண்டு என்றே பெயர் விழுந்துவிட்டது. அவளும் அதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை. "நான் எடுத்த நூலுக்கு இந்நேரம் ஊருக்கே சட்டை தைச்சுப் போட்டிருக்கலாம்டி" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவளுக்கு முந்தின மெஷினில் காலர் வைப்பவள் நேர்மாறு. காலர்க்காரி காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டு மணி வரைக்கும் அசையமாட்டாள். மணி அடித்த பிறகும் கழிப்பறை வாசலில் வரிசை நீளமாக இருந்தால் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வாள். அடிவயிறு கல்லாகக் கனக்கும், கொஞ்ச நேரத்தில் அதுவும் மரத்துப்போகும். "காலரைப் பாருங்கம்மா, உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்குதா?" என்று சூப்பர்வைசர் மற்றவர்களுக்குக் காட்டுவார். அவளைப் பாராட்ட உலகத்தில் வேறு ஆள் கிடையாது. அதனால் அந்த ஒரு வரியை அவள் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நினைத்துக்கொண்டு நடப்பாள்.

வீடு என்பது ஓர் அறை. மூலையில் அடுப்பு, அடுப்புக்குப் பின்னால் குளியலறை. புருஷன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். கப்பல் கரையைத் தொட்டால்தான் அவன் குரல் கேட்கும். அதுவும் அவனுக்கு நேரம் கிடைத்தபோது அவன் கூப்பிடுவான், இவள் திருப்பிக் கூப்பிட நம்பர் கிடையாது. "சாப்பிட்டியா?" என்பான். "சாப்பிட்டேன்" என்பாள். "புள்ள?" என்பான். "நல்லா இருக்கா" என்பாள். இதற்கு மேல் பேச அவளுக்கு நிறைய இருக்கும், பேச்சு தொண்டை வரை வருவதற்குள் லைன் போய்விடும்.

பிள்ளை மிளகு. பிறந்தபோது கறுத்துச் சுருங்கி இருந்ததால் அப்பன் வைத்த செல்லப்பெயர். மூன்று வயது முடியவில்லை, காரம் மட்டும் பெயருக்குக் குறையாமல் இருந்தது. காலர்க்காரி வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அக்கம்பக்கத்தில் கிடைத்தது மாடி அக்கா ஒருத்திதான். அவள் புருஷன் இரவுக் காவலாளி. பகலெல்லாம் உள்ளறையில் தூங்குவான். முன்னறையில் இவள் நாலைந்து பிள்ளைகளை உட்கார வைத்து, சத்தம் வராமல் விளையாடப் பழக்கியிருந்தாள். நல்லவள்தான், ஆனால் தரை விஷயத்தில் கறார்.

"டயப்பர் போட்ட புள்ளைய நான் பார்க்கிறதில்லம்மா. கழுவி விட எனக்கு முதுகு வளையாது. பழக்கிட்டுக் கூட்டிட்டு வா, கண்ணு மாதிரி பார்த்துக்கறேன்."

பழக்கினாள். தாய்மார்கள் மாதக்கணக்கில் பழக்குவதை வேலையில் மறுபடி சேருவதற்கு முன் கிடைத்த சொற்ப நாளில் பழக்கினாள். அதட்டினாள், கெஞ்சினாள், பொம்மையைக் காட்டினாள், ஒரு தடவை தொடையில் ஒன்று வைத்தாள். நனைக்காமல் இருந்தால் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினாள். பிள்ளை பிறப்பதற்கு முன் இதே கூடத்தில் தைத்தபோதே நாக்கில் ஏறிவிட்ட சொல், வீட்டிலும் அதுவே வந்தது. "நூல் வருதா மிளகு? வந்தா அம்மாகிட்ட நூல்னு சொல்லணும், என்ன?" பிள்ளை பிடித்துக்கொண்டது. இடுப்பை நெளித்துக்கொண்டு, "நூலு, நூலு" என்று ஓடிவரும். காலர்க்காரிக்குச் சிரிப்பாக இருக்கும். மாடி அக்காவிடம் விடும்போது பாட்டில், மாற்றுத்துணி, தூங்கும்போது கட்டிக்கொள்ளும் துண்டு என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். இந்தச் சொல்லை மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. அது ஒரு சொல் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. மூக்கை மூக்கு என்று சொல்லிக் கொடுத்துவிட்டா வருவார்கள்?

முதல் வாரமே மாடி அக்கா வாசலில் நின்று வாய் நிறையச் சொன்னாள்.

"என்னடி வளர்ப்பு வளர்த்திருக்கே! காலையில விட்டுட்டுப் போனா நீ வர்ற வரைக்கும் ஒரு சொட்டு கிடையாது. மத்ததுங்க எல்லாம் என் உசுர எடுக்குது, இது தங்கம்."

"நிஜமாவாக்கா?"

"பொய்யா சொல்றேன்? பாத்ரூம் பக்கமே போகாது. ஒரு மூலையில உட்கார்ந்துக்கிட்டு நூலைச் சுத்திக்கிட்டு இருக்கும்."

நூலைச் சுற்றிக்கொண்டு என்பது காலர்க்காரியின் காதில் விழத்தான் செய்தது. பெருமை பிடிபடாமல் நின்றிருந்தவளுக்கு அது தைக்கவில்லை. தைக்கிறவள் பிள்ளை, நூலை வைத்து விளையாடுகிறது, அதிலென்ன? மறுநாள் கூடத்தில் நூல்கண்டிடம் சொல்லி மாய்ந்துபோனாள்.

"நாள் பூரா போகாம இருக்காளாம்க்கா. என்னை மாதிரியே."

"உன்னை மாதிரின்னா அது நல்லதா கெட்டதா?" என்றாள் நூல்கண்டு, மெஷினை நிறுத்தாமல். பிறகு அவள் பாட்டுக்கு எழுந்து நூல் எடுக்கப் போய்விட்டாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்த நாட்கள். கூடத்தின் தகரக் கூரையிலிருந்து சூடு இறங்கித் தலையில் உட்காரும். மாலையில் பிள்ளையை வாங்கிக்கொண்டு வரும்போது வீட்டு வாசலிலேயே அது நின்றபடி நனைக்க ஆரம்பித்தது. முதலில் ஒன்றிரண்டு நாள், பிறகு தினமும். பிறகு மாடி அக்கா வீட்டிலும். தரையில் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம். துணியில் ஒரு மாதிரியான வாடை அடித்தது. வெயிலுக்கு இருக்கும் என்று காலர்க்காரி இரண்டு தடவை சோப்பு போட்டாள்.

"என்னடி இது, பழகின புள்ள பழைய குருடியாப் போச்சு?" என்றாள் மாடி அக்கா. "இப்படியே போனா என்னால ஆகாதும்மா. உனக்கே தெரியும், எனக்கு அவரு வேற தூங்கணும்."

"வீம்புக்கா. அப்பன் மாதிரி வீம்பு. நான் சரி பண்றேன்."

சரி பண்ணினாள். வீட்டுக்கு வந்து, தூக்கிக் குளியலறையில் நிறுத்தி, "பெரிய பொண்ணு ஆயிட்டே, வெக்கமா இல்ல?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். மிளகு அழவில்லை, அம்மாவை அண்ணாந்து பார்த்தது. அழுதிருந்தால் காலர்க்காரியும் விட்டிருப்பாள். அழாததால் இன்னொன்று வைத்தாள். அன்று இருவரும் ஒருவரோடொருவர் பேசாமல் படுத்துக்கொண்டார்கள். ஓர் அறை வீட்டில் பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று பேச ஆள் இல்லாதவர்களுக்குத்தான் தெரியும்.

விடிந்தபோது பிள்ளையின் உடம்பு கொதித்தது. சளி இல்லை, இருமல் இல்லை, நல்ல காய்ச்சல். எழுப்பிக் குளியலறைக்குக் கூட்டிப்போனாள். உட்கார வைத்ததும் மிளகு தொடைகளை இறுக்கிக்கொண்டு அலறியது.

"நூல் வேணாம்மா! நூல் குத்துது! நூல் சுடுது!"

காலர்க்காரி வாரித் தூக்கிக்கொண்டாள். நூல்கண்டுக்கு போன் போட்டு இன்றைக்கு வரமாட்டேன் என்றாள். காரணத்தைக் காய்ச்சல் என்று மட்டும் சொன்னாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு நடந்தாள். வழியில் தெரிந்தவர் யாராவது எதிரே வந்து, என்னம்மா என்று ஒரு வார்த்தை கேட்டால் தேவலை போல இருந்தது. எல்லாரும் அவரவர் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அடிவயிற்றில் கை வைத்ததும் பிள்ளை துள்ளியது.

"யூரின் எப்படிப் போறா?"

"இப்ப கொஞ்ச நாளா சொட்டுச் சொட்டா நனைச்சுக்கிறா டாக்டர். அதுக்கு முன்னாடி ரொம்ப சமத்து. காலையில விட்டா சாயங்காலம் வரைக்கும் போகவே மாட்டா."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "போகவே மாட்டாளா?"

"ஆமா டாக்டர். அவ்வளவு கட்டுப்பாடு." சொல்லும்போது, அந்த அவஸ்தையிலும் அவள் குரலில் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது.

"பகல்ல யார் பார்த்துக்கறாங்க? அவங்களுக்கு போன் போடுங்க, நானும் கேக்கறேன்."

போனை மேசைமேல் வைத்து, சத்தத்தைக் கூட்டி வைத்தாள். மாடி அக்கா குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள், உள்ளறையில் அவர் தூங்குகிறார்.

"அவ ஒண்ணுக்கு வருதுன்னு கேட்டா கூட்டிட்டுப் போகமாட்டேனா? கேக்கவே மாட்டாளேம்மா. மத்த புள்ளைங்க எல்லாம் கேக்கும், இவ வாயே திறக்கமாட்டா."

"ஒரு தடவை கூடவாக்கா கேக்கல?"

"நூல்தான் கேப்பா. நூலு, நூலுன்னு காலைப் பிடிச்சுக்கிட்டுக் கேப்பா. நீ தைக்கிறவளாச்சே, அம்மாவைத் தேடுது புள்ளன்னு நினைச்சேன். எனக்கே மனசு கேக்கல. ஒரு நூல்கண்டு எடுத்துக் கையில குடுத்துடுவேன். கொஞ்ச நேரம் சிணுங்கும், அப்புறம் காலை மடிச்சு உட்கார்ந்து அதைச் சுத்த ஆரம்பிச்சிடும். இப்பல்லாம் அதுவும் கேக்கிறதில்ல."

காலர்க்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நூலா?" என்றார் டாக்டரம்மா. "எதுக்கு நூல்?"

சொல்ல வேண்டியிருந்தது. கூடத்தை, நடையை, சூப்பர்வைசரின் மேசையை எல்லாம் அந்த அம்மாளுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல அவளுக்கே தன் காதில் அது கிறுக்குத்தனமாகக் கேட்டது. போனின் மறுபக்கத்தில் மாடி அக்கா, "அடி பாவி" என்றாள். அது காலர்க்காரியைச் சொன்னதா, தன்னையே சொல்லிக்கொண்டதா என்று தெரியவில்லை. பிறகு அவள் தன் புருஷன் தூங்குவதையும் மறந்து சத்தமாக அழுதாள். "நான்தாண்டி குடுத்தேன், என் கையால குடுத்தேன்" என்றாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அடக்கி அடக்கி வெச்சா கிருமி உள்ளேயே தங்கிடும்மா. பொம்பளப் புள்ளைங்களுக்கு வழி சின்னது, சீக்கிரம் மேல ஏறிடும். பழக்கற வயசுல இது நிறைய வர்றதுதான். நனைச்சது வீம்பு இல்ல, அதுதான் நோயே. அதுக்கு அடிக்காதீங்க."

அடித்ததை அவள் சொல்லவில்லை. டாக்டரம்மாவுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

ஒரு சின்னக் கோப்பையில் மூத்திரம் பிடித்துத் தரச் சொன்னார்கள். நர்ஸும் அவளும் சேர்ந்து மன்றாடியதில், கதறலோடு அடியில் கொஞ்சம் விழுந்தது, கலங்கலாக. சோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா மருந்து எழுதினார். காய்ச்சல் விட்டாலும் மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கேட்டாலும் கேட்காவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை உட்கார வைக்க வேண்டும், கால் தொங்காமல் முக்காலி போட வேண்டும். துடைப்பது முன்னாலிருந்து பின்னால்.

"இப்ப முக்கியமானது ஒண்ணு. வலிக்கும்னு பயந்து அடக்குவா. அடக்கினா இன்னும் வலிக்கும். சாயங்காலத்துக்குள்ள ஒரு தடவை நல்லாப் போயிட்டா வீட்டிலேயே பார்த்துக்கலாம். போகலைன்னா கூட்டிட்டு வந்துடுங்க. சேர்த்து, ட்யூப் விட்டுத்தான் எடுக்கணும். வெதுவெதுப்பான தண்ணியில உட்கார வெச்சுப் பாருங்க. அதட்டாதீங்க."

ட்யூப் என்ற சொல் காலர்க்காரியின் வயிற்றில் விழுந்து அங்கேயே கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் மருந்து கொடுத்தாள். தண்ணீர், பால், மறுபடியும் தண்ணீர். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கதை சொன்னாள். மிளகு குடித்துவிட்டுத் துண்டைக் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. உட்கார வைத்தால் தொடையை இறுக்கியது. இறக்கிவிட்டால் போய்ப் படுத்துக்கொண்டது. ஜன்னல் வெயில் தரையில் நகர்ந்து அடுப்படிக்கு வந்துவிட்டது.

துணி அலசும் அகலத் தொட்டியை எடுத்துத் தேய்த்துக் கழுவி, தண்ணீரை விளாவி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். பிள்ளையைத் தூக்கி அதில் உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் ஈரத்தரையிலேயே சப்பென்று உட்கார்ந்தாள்.

"நூல் வேணாம்" என்றது மிளகு.

"நூல் இல்லடி கண்ணு. அது நூலே இல்ல. அம்மா தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். அதுக்குப் பேரு..." என்று ஆரம்பித்தவளுக்குக் குரல் தாழ்ந்துவிட்டது. ஆளில்லாத வீட்டில், பெற்ற பிள்ளையிடம், குனிந்து காதோடு சொன்னாள். "ஒண்ணுக்கு."

"என்ன?"

"ஒண்ணுக்கு."

"கேக்கல."

"ஒண்ணுக்கு!" என்றாள் காலர்க்காரி. குளியலறைச் சுவரில் பட்டு அது பெரிதாகக் கேட்டது. மிளகுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, காய்ச்சல் சிரிப்பு. "ஒண்ணுக்கு, ஒண்ணுக்கு" என்று அதுவும் கத்திப் பார்த்தது. சிரித்ததில் கொஞ்சம் வந்திருக்க வேண்டும், முகம் சுருங்கி, உடனே அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறுக்கிக்கொண்டது.

"வலிக்குது."

"வலிக்கும்டி. கொஞ்சம் வலிக்கும், அப்புறம் போயிடும். மெதுவாப் போ. அம்மா இங்கதான் இருக்கேன். எங்கேயும் போகல."

அந்த நேரம் பார்த்து அறையில் போன் அடித்தது. பெயர் பதியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் அடிக்க அவள் வைத்திருந்த தனி மணி. கப்பல் கரையைத் தொட்டிருக்கிறது. எங்கோ ஒரு துறைமுகத்தில், கையில் போனோடு அவன் நின்றுகொண்டிருக்கிறான். இந்த மணிக்காக அவள் எத்தனையோ நாள் சோற்றில் கையை வைத்தபடி காத்திருக்கிறாள். இன்றைக்குத்தான் சொல்ல விஷயமும் இருந்தது. நல்லா இருக்கா என்று சொல்லாமல், நல்லா இல்லை, எனக்குப் பயமாக இருக்கிறது, நான் அடித்துவிட்டேன் என்று சொல்லியிருப்பாள். கழுத்தில் இரண்டு சின்னக் கைகள் கிடந்தன.

"அப்பா" என்றது மிளகு.

"அடிக்கட்டும். நீ போ."

மணி அடித்து ஓய்ந்தது. இன்னொரு தடவை அடித்தது, ஓய்ந்தது. அதற்கு மேல் அடிக்கவில்லை. காலர்க்காரி பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். நேற்று அடித்த இடம் அதுதான். தண்ணீர் ஆறிக்கொண்டு வந்தது, கைக்கு எட்டிய சொம்பிலிருந்து சூடாகக் கொஞ்சம் சேர்த்தாள். கழுத்தை இறுக்கிய பிடி திடீரென்று இன்னும் இறுகியது. மிளகு அவள் தோளில் வாயை வைத்துக் கத்தியது, பல் பதியக் கத்தியது. தொட்டித் தண்ணீரில் மஞ்சள் பரவியது. நிற்கும் என்று நினைத்தாள், நிற்கவில்லை. நாள் கணக்காக அடைத்துக் கிடந்ததெல்லாம் போவது போலப் போய்க்கொண்டே இருந்தது.

"அப்படித்தான். அப்படித்தான் என் ராஜாத்தி. போ, போ."

அழுகை மெல்ல விசும்பலாகி நின்றது. பிடி தளர்ந்தது. காலர்க்காரி அவளைத் தூக்கிக் கழுவி, முன்னாலிருந்து பின்னால் துடைத்து, காய்ந்த துணி போட்டு நிறுத்தினாள். நெற்றியில் கை வைத்தாள், சூடு இருந்தது, காலையில் இருந்த அளவுக்கு இல்லை. ட்யூப் வேண்டாம். அவளுக்கு இதற்குமேல் தாங்கவில்லை, தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

மிளகு கிட்டே வந்து அவள் முகத்தைத் தொட்டது.

"அம்மா, உனக்கும் வலிக்குதா?"

"இல்லடி."

"நீ ஒண்ணுக்குப் போனியா?"

யோசித்துப் பார்த்தாள். காலையில் எழுந்ததிலிருந்து போகவில்லை. அடிவயிறு கல்லாக இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

"போ" என்றது மிளகு. அவள் கையைப் பிடித்து இழுத்து எழுப்பி, தானே வெளியே போய்க் கதவைப் பாதி சாத்தியது. இடுக்கில் அதன் கால்விரல்கள் தெரிந்தன.

காலர்க்காரி உட்கார்ந்தாள். வரவில்லை. இவ்வளவு காலம் அடக்கி வைத்தது, இப்போது வா என்றால் வருவதாக இல்லை.

"வந்துச்சா?"

"இன்னும் இல்லடி. நீ போய்ப் படு, காய்ச்சல்."

"மெதுவாப் போ. நான் இங்கதான் இருக்கேன்."

அவளிடம் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கால்விரல்கள் நகரவில்லை. வெளியே தெருவில் வேலை விட்டுப் போகிறவர்களின் சத்தம் கேட்டது.

"அம்மா, வந்துச்சா?"

"வருதுடி" என்றாள்.